இளவேனிற் கடையில் தோட்ட வேலைகளும் அவற்றால் வரும் ஆறுதலும்

தமிழர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனப்படும். பெயர் மென்மையானதே. ஆயினும், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் பக்கத்திலுள்ள சிலமலைக் கிராமத்தை அக்கினி நட்சத்திரத்தின் நடுப்பகலில் கடந்தவர் எவரும் அதனை இளமையுடைய வேனில் என்று சொல்லத் துணியார். மேற்கே சுவர்போல் மலைத்தொடர் நிற்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று அம்மலையின் அப்புறத்திலேயே தன் மழையின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, இப்புறத்துக்குப் பெரும்பாலும் வெறுங்காற்றாகவே வந்து சேருகிறது. ஆகையால் வைகாசிக் கடைசியானது மலைமேலுள்ள ஏலத்தோட்டத்துக்கு மழைக்காலத்தின் வாசலாகவும், அடிவாரத்திலுள்ள தென்னை, மா, இலவந் தோப்புகளுக்கும் வீட்டுக் கொல்லைக்கும் வறட்சியின் நடுவாகவும் அமைகிறது. ஒரே குடும்பம் இவ்விரு வகை நிலத்தையும் வைத்திருப்பது இப்பக்கத்தில் அரிதன்று. ஒரே மாதத்தில், மேலும் கீழுமாக, எதிரெதிரான இரண்டு பருவங்களுக்குரிய வேலைகளைச் செய்ய நேரிடுவதே இவ்வூர் மிராசுதாரின் சிரமம்.

இச்சிரமத்தில் பெரும்பாலும் தோற்பது வீட்டுக் கொல்லையே. மலைத்தோட்டம் பணம் தருவது. அதற்கு ஆளும் எருவும் மருந்தும் தவறாமல் போய்விடுகின்றன. கொல்லையில் ஒரு முருங்கையும், கிணற்றடியில் இரண்டு வாழையும் தாமாகவே நின்றால் போதும் என்று விட்டுவிடுவோர் அநேகர். இவ்வெண்ணம் சரியன்று என்பதை 2020-ஆம் ஆண்டின் இளவேனில் வெளிப்படையாகக் காட்டிற்று.

அவ்வாண்டு மார்ச்சு 25-ஆம் தேதி, கொரோனா நோயை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. விவசாய வேலைகளுக்கு விலக்கு இருந்ததெனினும், போடிமெட்டில் இரு ராஜ்யங்களின் எல்லையும் அடைபட்டமையால், அனுமதிச் சீட்டின்றி அப்புறம் செல்ல இயலாது போயிற்று. நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் சென்று இருட்டுமுன் திரும்பும் போடிப் பக்கத்து ஆண், பெண் தொழிலாளர்கள் வீட்டிலேயே தங்கினர். ஏலக்காய் ஏலமும் நின்றுவிட்டது. மேட்டில் ஏலச்செடிகள் கோடை நீரின்றி வாடுவதைக் கீழிருந்து எண்ணிப் பார்ப்பதைத் தவிர நிலக்காரருக்கு வேறு வழியில்லை. அந்நாட்களில் கொல்லையைக் கொத்திச் சீராக்கிக் கீரை விதைத்தவர் வீட்டில் காய்கறி மட்டுமன்றி மனத் தெளிவும் ஓரளவு இருந்தது. செய்வதற்கென்று விடியற்காலையில் ஒரு வேலை காத்திருந்தமையே அதற்குக் காரணம். இது இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1876-இல் தோன்றிய பர்ப்பி என்னும் பழைய விதைக் கம்பெனியார், அதே மார்ச்சு மாதத்தில் தங்கள் வரலாற்றிலேயே மிகுதியான விதையை விற்றதாகத் தெரிவித்தனர். பூமியின் இரு கோடிகளிலும் அச்சத்துக்கு மக்கள் கண்ட மருந்து ஒன்றாகவே இருந்தது போலும்.

ஊரடங்கு நீங்கிற்று, ஏலக்காய்க்காரரின் மனக்கவலை நீங்கவில்லை. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தாலும் அதனைத் தொடர்ந்த கோடை வறட்சியாலும் விளைச்சல் குன்றியபோது, 2019 ஆகஸ்டு 3-ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை ஏறிற்று. அதனை நம்பிக் கடன் வாங்கிப் புதுத்தோட்டம் வைத்தவர் பலர். 2022-இல் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்தது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பம் தாளாமல் இடுக்கி ஜில்லாவில் ஏலச்செடிகள் பரப்புப் பரப்பாகக் கருகின. இவ்வாறு மழையும் விலையும் மாறி மாறி ஆட்டிவைக்கும் ஒரு பயிரை நம்பி வாழ்கின்ற குடும்பத்துக்கு, விலையென்பதே இல்லாத ஐந்து சென்ட் நிலம் வீட்டருகே இருப்பது சிறிய காரியமன்று. அதில் விளையும் பாகற்காயை எந்த ஏலக்கூடமும் மதிப்பிடுவதில்லை. இன்று ஊற்றிய நீரின் பயன் நாலைந்து நாட்களில் தளிராகக் கண்முன் தெரிகிறது. முழங்கால் வலியால் மலையேற முடியாமற்போன முதியவருக்கும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தாய்மாருக்கும் இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

கொல்லைத் தோட்டம்

சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது பழமொழி. கோடை மழை ஒன்று பெய்தவுடன், ஈரம் காயுமுன் நிலத்தை உழுதோ கொத்தியோ புரட்டிவிட வேண்டும். மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் பறவைகள் வாயிலும் அழியும். கோரைக் கிழங்கும் அறுகின் வேரும் காய்ந்து போகும். அடுத்த மழைநீர் வழிந்தோடாமல் உள்ளிறங்கும். மலைச்சாரலில் சரிவான கொல்லையாயின், சரிவுக்குக் குறுக்கே மட்டுமே உழுதல் வேண்டும். சரிவின் போக்கிலே ஏர் ஓட்டினால், முதல் மழையிலேயே மேல்மண் முழுவதும் ஓடையில் போய்ச் சேரும். இதனைப் பலரும் அறிவர். அறிந்தும், ஏரைத் திருப்புவதற்கு இடம் போதவில்லை என்று காரணம் சொல்லுகிறார்கள். அவ்வாறான இடத்தில் மண்வெட்டியே நல்ல கருவி.

காற்றைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இப்பக்கத்தில் மிகையாகத் தோன்றாது. ஆனியிலேயே மேல்காற்று தொடங்கி, பந்தலைச் சாய்த்து, வாழையை முறித்து, மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகையால் கொல்லையின் மேற்கோரத்தில் அகத்தியை நெருக்கமாக விதைத்தலும், உயரமான செடிகளை அப்பக்கத்திலேயே வைத்தலும் நலம். அகத்தி விரைவாக வளரும், கீரைக்கும் ஆகும், ஆட்டுக்குத் தழையுமாகும். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுப்பதை வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். முருங்கையின் நீண்ட கிளைகள் காற்றில் ஒடிவன. காய்ப்பு ஓய்ந்த கிளைகளைக் குறைத்து, வெட்டுவாயில் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசலாம். புதிதாக வைப்போர் போத்து நடலாம்; அல்லது பெரியகுளம் தோட்டக்கலை நிலையத்திலிருந்து வெளிவந்து அவ்வூரின் பெயராலேயே வழங்கும் பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை விதைக்கலாம். செடிமுருங்கை ஆறு மாதத்தில் பூக்கத் தொடங்கும் என்பது அவசரக்காரருக்கு ஏற்றது. போத்து முருங்கையின் காய்க்கு உள்ள சுவை இதற்கில்லை என்று சொல்வோரும் உண்டு; அவ்வழக்கைத் தீர்க்க இங்கு இடமில்லை.

இக்காலத்தில் நேராக விதைக்கத் தக்கவை வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, அரைக்கீரை ஆகியவை. கீரை விதையை மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய எருத்தூள் பரப்பி, பூவாளியால் நனைத்தால் போதும். எறும்பு விதையைச் சுமந்து செல்லாதபடி பாத்தியின் ஓரங்களில் சாம்பலிடுவது வீட்டுப் பெண்டிர் அறிந்த முறை.

கொடிக்காய்களுக்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, ஒரு வாரம் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணும் மட்கிய எருவும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். பாகல் விதையின் தோல் கடினமானது. ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் ஒருங்கே முளைக்கும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்தபின் வலுவான இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளுவதற்கு மனம் வராதவர்கள் அநேகர். ஐந்தையும் காப்பாற்றியவர் ஒன்றிலும் சரியாகக் காய் காண்பதில்லை.

கொடி பந்தலேறிப் பூக்கத் தொடங்கியதும், பூவெல்லாம் உதிர்கின்றதே என்று கலங்குவோர் உண்டு. கடும் வெப்பத்திலும் நீண்ட பகலிலும் இக்கொடிகள் ஆண்பூக்களையே மிகுதியாக விடுவது இயல்பு. ஆண்பூ காயாகாமல் உதிர்வதே முறை. அடியில் சிறு பிஞ்சுடன் வருவதே பெண்பூ. கோடை மழையில் வெப்பம் தணிந்தவுடன் அவை தோன்றும். அதுவரை நீரும் நிலமூடாக்கும் தவறாதிருந்தால் போதும். மருந்துக் கடைக்கு ஓட வேண்டுவதில்லை. பாகல் விடியலில் மலர்கிறது. பீர்க்கும் சுரையும் வெயில் தாழ்ந்தபின் மலர்கின்றன. பகலெல்லாம் கணக்கிலும் கடனிலும் மூழ்கிக் கிடந்தவர், பொழுது சாயும் நேரத்தில் பீர்க்கம்பந்தலின் கீழ் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால், அம்மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாக விரிவதைக் காணலாம். இதற்கென்று எவரும் செலவு செய்ய வேண்டியதில்லை.

நீர் பாய்ச்சுதல் அதிகாலையிலோ மாலையிலோ நடைபெறுதல் வேண்டும். கிணறு வற்றும் மாதமாதலால், தினமும் சிறிது சிறிதாக மேற்பரப்பை நனைப்பதைவிட, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை வேர் ஆழம் வரை நனையும்படி ஊற்றுவதே மேல். மேலோட்டமாக நனைந்த நிலத்தில் வேர் மேலேயே பரவி, ஒருநாள் நீர் தவறினும் செடி துவண்டுவிடும். செடியடியில் மூன்று அங்குல கனத்துக்கு உலர்ந்த இலையோ, தென்னைத் தும்போ, வைக்கோலோ பரப்பினால் நீர்ச் செலவு வெகுவாகக் குறையும். மெருகிடாத மண்பானையைச் செடிகளின் நடுவே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைப்பது பழைய முறை. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வேர் வேண்டியவளவே எடுத்துக்கொள்ளும். புதிதாக நட்ட எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு இதனினும் ஏற்றது இல்லை.

கொல்லைக்குப்பையை எரிப்பது பெரும் நஷ்டம். ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் விவசாய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்துகொண்டு, இந்தியக் குடியானவர்களின் வழக்கங்களையும் சீன தேசத்து அநுபவத்தையும் ஆராய்ந்து, இலை, தழை, சாணம், மண் ஆகியவற்றை அடுக்கி மட்கச் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகெங்கும் இந்தூர் முறை என்றே அது வழங்குகிறது. நிழலான மூலையில் மூன்றடிக் குழியொன்றை வைகாசியில் தொடங்கினால், ஈரம் காயாமல் காத்து, மாதத்துக்கொருமுறை புரட்டிவர, ஐப்பசி நடவுக்கு எரு ஆயத்தமாகும்.

ஆடிப்பட்டத்துக்கு வேண்டிய கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றங்காலை வைகாசிக் கடைசியிலிருந்து ஆனி நடுவுக்குள் போட வேண்டும். தரையைவிட அரையடி உயர்ந்த பாத்தி அவசியம்; நீர் தேங்கினால் நாற்று கழுத்தழுகிச் சாயும். விரலளவு இடைவெளியில் கோடிட்டு விதைத்து, முளைக்கும்வரை வைக்கோலால் மூடி, முளை கண்டவுடன் மாலை வேளையில் மூடாக்கை நீக்கிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று வெளிறி நீண்டுவிடும். மேலே தென்னங்கீற்று நிழல் அமைத்து, நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழலையும் நீரையும் சிறுகச் சிறுகக் குறைத்தால், காற்றைத் தாங்கும் உரம் நாற்றுக்கு வரும்.

தோப்புகள்

மாவில் அறுவடை நடக்கும் காலமாதலால் விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. காம்புடன் பறித்து, பால் வடியும்படி கவிழ்த்து வைத்தால் காயின் தோல் கறுக்காது. உதிர்ந்த காய்களை மரத்தடியில் அழுகவிடுவதே பழ ஈயை வளர்ப்பதாகும். அன்றன்று பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். கார்பைடுக் கல்லைக் கொண்டு பழுக்கவைத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதைக் குத்தகைக்காரருக்கு முன்னதாகவே சொல்லிவைத்தல் நிலக்காரரின் கடமை. போடிக்குப் பெயர் தந்த இலவம்பஞ்சுக் காய்களை, வெடித்துக் காற்றில் பறக்குமுன் இறக்கிவிடுதல் வேண்டும்.

தென்னையில், மரத்திலிருந்து ஆறடி தள்ளி வட்டமாக அகழி எடுத்து, மட்டைகளை உட்குழிவு மேல்நோக்கும்படி அடுக்கி மண் மூடினால், கோடை மழையின் ஒவ்வொரு துளியும் அங்கே தங்கும். 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ பின்னர்ப் பல ஜில்லாக்களுக்கும் பரவிற்று. ஓலையின் அடிப்புறத்தில் வெண்மெழுகு வட்டங்களும் மேற்புறத்தில் கரும்படலமும் தோன்றினால், விசையான நீரைக் கீழிருந்து பீய்ச்சுதலும், ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தொங்கவிடுதலும் போதும். நஞ்சு மருந்து தெளித்தால், அவ்வீயைத் தின்று கட்டுப்படுத்தும் சிறு குளவிகளே முதலில் மடிகின்றன.

மலைச்சாரலும் ஏலத்தோட்டமும்

மேலே போகுமுன் தீயைப் பற்றி ஒரு வார்த்தை. போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையில் 2018 மார்ச்சு 11-ஆம் தேதி மூண்ட காட்டுத் தீயில், மலையேறச் சென்றிருந்தோருள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த போதைப்புல்லில் காற்றோடு சேர்ந்த தீ மனிதரின் ஓட்டத்தை மிஞ்சும் என்பது அன்று தெரிந்தது. சாரலில் நிலம் வைத்திருப்போர், தம் எல்லையை ஒட்டிப் புல்லைச் செதுக்கி ஒழுங்கு எடுத்துவைப்பதைப் பங்குனிக்குள் முடித்தல் வேண்டும். விட்டுப்போயிருப்பின் சித்திரையிலாவது செய்தல் வேண்டும். புதுத் தழை வரும் என்று எண்ணிப் புல்லுக்கு நெருப்பிடுவதையும், களைந்த செத்தையை மூட்டி எரிப்பதையும் கிராமத்தார் ஒருமனமாக நிறுத்த வேண்டும்.

ஏலத்தில் இவ்விரு மாதங்களின் வேலையே ஆண்டு முழுவதன் பலனையும் தீர்மானிக்கிறது. தூரடியிலிருந்து சரங்கள் வெளிவந்து நீளும் காலம் இது. இப்போது நீர் குறைந்தால் சரம் குட்டையாகும்; பூவும் குறையும். நல்ல கோடை மழை கிடைக்காத ஆண்டில், இருக்கும் படுகை நீரை முதுசெடிகளுக்கு முன்பாக இளஞ்செடிகளுக்குக் கொடுப்பதா, காய்க்கும் செடிகளுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எழும். இளங்கன்று பட்டுப்போனால் இரண்டு மூன்று ஆண்டுகள் பின்தங்கிவிடுமாதலால், அதனைக் காப்பதே முதற்கடன் என்பது அநுபவஸ்தர்களின் கருத்து.

நிழல் சீராக்குதல் வைகாசியில் நடைபெற வேண்டும். ஏலத்துக்கு வேண்டுவது சல்லடையில் வடிந்தாற்போன்ற ஒளி, ஏறக்குறையப் பாதி வெளிச்சம். மழைமாதங்களில் மேகமூட்டம் இருப்பதால், அடர்ந்த மரங்களின் கிளைகளில் சிலவற்றை மழைக்குச் சற்று முன்னர்க் கழித்துவிட்டால் பூ பிடிக்கும், அழுகலும் குறையும். இதிலேதான் பலர் தவறுகிறார்கள். கிளை கழிக்க வந்த ஆள் கூலிக்கு நியாயம் செய்வதாக எண்ணி, மரத்தை மொட்டையாக்கிவிடுகிறான். மழை பத்து நாள் தள்ளிப்போனால், அப்பத்து நாளில் இலைகள் வெந்து வெளுத்துவிடும். 2024-இன் கோடையில் நிழல் மிகுந்திருந்த தோட்டங்கள், வெளியாக விடப்பட்ட தோட்டங்களைக் காட்டிலும் நன்றாகத் தாங்கின என்பதை நினைவிற்கொண்டு, மேற்குப்புறக் கிளைகளையும் தெற்குப்புறக் கிளைகளையும் கடைசியாகத் தொடுவதே புத்தி. மரத்தையே வெட்டுவதற்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும் என்பது வேறு விஷயம்.

காய்த்து ஓய்ந்த முதுதண்டுகளையும் காய்ந்த இலைகளையும் அறுத்து, தூரைக் காற்றோட்டமாக்கும் கவாத்து வேலையை மழை பிடிக்கும் சமயத்தில் முடிக்க வேண்டும். அறுத்த செத்தையைத் தூரிடை வெளிகளில் பரப்பலாம். சரங்களின் மேல் மூடலாகாது. ஏலப்பூ விடியலுக்கு முன்னரே மலரத் தொடங்கி, ஒரே நாளில் வாடிவிடுவது. அவ்வொரு நாளைக்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் இல்லை. சரம் செத்தையின் மேலே தெரியும்படி இருந்தாலே தேனீ அதனை அடையும். காலை வேளையில் பூச்சி மருந்து தெளிப்பவர் தம் விளைச்சலைத் தாமே கொல்லுகிறார். ஒரு காலத்தில் இம்மலைகளில் தாராளமாகப் புழங்கிய எண்டோசல்பான், 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்ற உத்தரவால் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அதற்குப்பின் வந்த மருந்துகளையும் அளவு மீறி அடிப்பதால், வெளிநாட்டுக்குச் செல்லும் சரக்கில் நஞ்சு மீதம் தங்குகிறது என்ற குற்றச்சாட்டு அவ்வப்போது எழுந்து விலையைக் கெடுக்கிறது.

மழையில் வரும் அழுகல் நோய்க்கு முன்காப்பே மருந்து. வைகாசியிலேயே வடிகால்களைத் தூர்வாரி, கவாத்து முடிந்தவுடன், நூற்றுக்கு ஒரு பங்கு போர்டோக் கலவையைத் தூரும் சரமும் நனையத் தெளிக்க வேண்டும். பிரான்சு தேசத்தில் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்தே என்பவர் திராட்சைக் கொடிகளுக்காக 1885-இல் வெளியிட்ட இக்கலவை, இன்றளவும் ஏலக்காட்டுக்கு உதவுகிறது. ஒரு கிலோ மயில்துத்தத்தை ஐம்பது லிட்டர் நீரிலும், ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பை மற்றோர் ஐம்பது லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரியும். பிளாஸ்டிக்கு அல்லது மரத்தொட்டியே ஏற்றது. இரும்பும் தகரமும் ஆகா. துலக்கிய கத்தியொன்றைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து, அதில் செம்பு படிந்திருந்தால், படியாமல் நிற்கும்வரை மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். செய்த அன்றே தெளித்துவிட வேண்டும். மீந்ததை மறுநாளைக்கு வைத்திருப்பது வீண்.

புது நடவுக்கு வேண்டிய குழிகளைக் கோடை மழைக்குப்பின் எடுத்து, மேல்மண்ணும் மட்கும் நிரப்பி வைத்து, பருவமழை தொடங்கியதும் நட வேண்டும். கட்டப்பனைப் பக்கத்து விவசாயியான செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி என்னும் வகையே இன்று பெரும்பாலான தோட்டங்களில் காணப்படுகிறது. அது தூர்பிரித்து நடப்படுவதாதலால், தாய்ச்செடியின் நலமும் குறையும் அப்படியே கன்றுக்கு வரும். இளவிலையில் நரம்பின் போக்கிலே வெளிறிய கோடுகள் உள்ள தூர் கட்டே நோயுற்றது. அசுவினிப் பூச்சியால் பரவும் இந்நோய்க்கு மருந்தில்லை. வேரோடு பிடுங்கி அழிப்பதே செய்யத்தக்கது. அத்தகைய தூருக்கு நூறு கஜத் தூரத்தில் இருக்கும் செடியிலிருந்துகூடக் கன்று எடுக்காதிருப்பதே நல்லது. ஆழ நடலாகாது. நட்ட கன்றை இருபுறம் குச்சி ஊன்றிக் கட்டாவிட்டால், மேல்காற்று அதனை அசைத்து அசைத்தே வேர் பிடிக்கவொட்டாமல் செய்யும். காய்க்கும் செடிகளுக்குத் தூர் ஒன்றுக்கு ஐந்து கிலோ வீதம் தொழுவுரம் இடுவதும் இச்சமயத்திலேயே.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

மேற்கண்ட வேலைகளுக்கெல்லாம் அடிப்படையான மண்ணை வலுப்படுத்தக் கண்மாய் வண்டலைப்போல் மலிவானது வேறில்லை. தமிழ்நாட்டில் கண்மாய், குளங்களிலிருந்து விவசாயத்துக்காக வண்டல் எடுத்துக்கொள்ளக் கட்டணமில்லை. 2024-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தாசில்தாரே அதற்கு அனுமதி வழங்கலாம். முன்பு ஜில்லாத் தலைமைக்குச் சென்று வர நேர்ந்த தாமதம் இதனால் குறைந்தது. ஆயினும், மனுவோடு நிலத்தின் விவரம் சரியாக இல்லாமற்போவதால் காலம் கடப்பதுண்டு. கிராம நிர்வாக அதிகாரிகள் சித்திரை முதல் வாரத்திலேயே, எந்தக் கண்மாயில் வண்டல் எடுக்கலாம் என்பதை ஊருக்குத் தெரிவித்து, பட்டா, அடங்கல் நகல்களை வரிசைப்படுத்தித் தருவாராயின், சிறு நிலக்காரரும் பயனடைவர். ஐந்து சென்ட் கொல்லைக்காரர் டிராக்டர் வைத்து மண் எடுக்க வசதியற்றவர். நாலு வீட்டார் சேர்ந்து ஒரு நடைக்கு மனுச் செய்ய இடம் கொடுப்பது நியாயம்.

வண்டலை அள்ளும்போது கரையோரத்தைத் தோண்டாமலும், மடைக்கருகே பள்ளம் பறிக்காமலும் பார்த்துக்கொள்வது அவ்வதிகாரிகளின் பொறுப்பு. அள்ளிய வண்டலைச் சிறு குவியல்களாகக் கொட்டி, கட்டியுடையும்வரை வெயிலில் ஆறவிட்டு, பிறகே கொல்லையில் பரப்ப வேண்டும். ஈரத்தோடு பரப்பியது ஓடுபோல் இறுகிவிடும். மேல்காற்று தொடங்குமுன் அதனைக் கொத்திக் கலந்துவிடாவிட்டால், பாடுபட்டுக் கொண்டுவந்த மண்ணில் ஒரு பங்கு தூசியாகப் பறந்து அடுத்த ஊர்க்காரர் நிலத்தில் போய் விழும்.